காதால் வறுத்த ஐப்பசிப் பொடி

தம்பி,

பார்சலைப் பிரித்ததும் டப்பாவைத் திறந்துவிடாதே. முதலில் இதைப் படி. நான் அனுப்பும் குரல் செய்தியில் பாதியைக் கேட்டுவிட்டு "ஓகேம்மா" என்று பதில் போடுகிறவன் நீ. அதனால்தான் மெனக்கெட்டு காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். காகிதத்தை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்க முடியாது. நித்யாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள், இதில் அவளுக்கும் பங்கு உண்டு. டப்பாவுக்குள் இருப்பது இந்த வருஷத்து ஐப்பசிப் பொடி. ஆமாம், "இந்த வருஷம் வேணாம்மா, ஏன் கஷ்டப்படறீங்க, இங்க இந்தியன் ஸ்டோர்ல பாக்கெட்டே கிடைக்குது" என்று நீ போனில் சொன்னாயே, அதே பொடிதான். உன் அம்மா ஜெயித்துவிட்டாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

நித்யா நம் வீட்டுக்குப் புதுசு என்பதால் அவளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். முதல் மழை பெய்து அம்பத்தூர் முழுக்கச் சேறாகி, அடுத்த மழை வருவதற்குள் இரண்டொரு நாள் சுள்ளென்று வெயில் அடிக்கும். அந்த வெயிலில் காயவைத்து, வறுத்து, அரைத்து வைத்துக்கொள்வதுதான் ஐப்பசிப் பொடி. அது தீரும்வரை நம் வீட்டில் ரசம் வேறு எந்தப் பொடியிலும் வைத்ததில்லை. இது என் பிறந்த வீட்டுச் சொத்தும் இல்லை, உன் அப்பா வீட்டுச் சொத்தும் இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது சேர்ந்தது. மல்லி, மிளகு, சீரகம், துவரம்பருப்பு, மிளகாய் வற்றல், வெந்தயம் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். மேல்வீட்டு நாகர்கோவில்காரி திப்பிலியைப் போடச் சொன்னாள். எதிர்வீட்டு ஈரோட்டுக்காரி சுக்கைத் தட்டிப் போட்டாள். பெருங்காயத்தைக் கட்டியாக வாங்கிப் பொரித்துப் போட வேண்டும் என்று சண்டை பிடித்தவள் கும்பகோணத்துக்காரி. ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆண்களுக்கு அவரவர் ஊர்ச் சங்கம் இருந்தது. எங்களுக்கு இந்தப் பொடி இருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து மேனாம்பேட்டில் இந்த ஃபிளாட்டுக்கு வந்த பிறகும் ஒரு வருஷமும் தவறாமல் அரைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். "உங்க பொடி வாசனை லிஃப்ட் வரைக்கும் வருது" என்று பக்கத்து பிளாக்கிலிருந்து வந்து சொல்வார்கள். எனக்கு வேறு பெரிய பெருமை ஒன்றும் கிடையாது. இது ஒன்றுதான் என் கெத்து.

போன வருஷம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு மூக்கு போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனது என்பது தெரியாது. ஒரு நாள் காலையில் காபி வெந்நீர் மாதிரி இருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகி, பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மல்லிகைப்பூவைத் தலையில் வைத்துக்கொண்டு அது மல்லிகையா காகிதமா என்று யோசித்திருக்கிறேன். நல்லதும் நடந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். உன் அப்பா வாக்கிங் போய்விட்டு வந்து கழற்றிப் போடும் சாக்ஸைப் பற்றி இப்போதெல்லாம் எனக்கு ஒரு புகாரும் இல்லை. மூக்கு டாக்டர், "வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்மா" என்றார். இதைச் சொல்ல அவர் அத்தனை வருஷம் படித்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். லிஃப்டில் இறங்கும்போதுதான் அழுகை வந்தது. நாக்கும் அப்போது பாதி செத்துக் கிடந்தது. அது மெல்ல மெல்லத் திரும்பி வந்து, இப்போது உப்பும் புளிப்பும் காரமும் கசப்பும் ஒழுங்காகத் தெரிகிறது. வாசனை மட்டும் வரவே இல்லை.

போன ஐப்பசியில் பழக்கதோஷத்தில் கை போன போக்கில் வறுத்து, அரைத்து உனக்கு அனுப்பினேன். நீயும் "சூப்பர்மா" என்றாய். நானும் நம்பினேன். தை மாதம் வீடியோ காலில் நித்யா எனக்குச் சமையலறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? மேல் ஷெல்ஃபில் என் டப்பா இருந்தது. பொடி கழுத்துவரைக்கும் அப்படியே இருந்தது. நீ பாத்ரூமிலோ எங்கேயோ இருந்தாய். "ஏம்மா, பொடியைத் தொடவே இல்லையா?" என்று கேட்டேன். அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டாள். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. கருகின வாசனை வருது. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவர் சொன்னார்" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்று அவள் என் காலில் விழுந்து நமஸ்காரம் பண்ணியபோதுகூட எனக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம் வரவில்லை. உன்மேல்தான் கோபம் வந்தது. அதன்பிறகு யோசித்துப் பார்த்தால், பக்கத்து பிளாக்கிலிருந்து அந்த வருஷம் யாரும் வந்து எதையும் சொல்லவில்லை. எல்லோரும் வாங்கிக்கொண்டு சிரித்தார்கள், அவ்வளவுதான். ஊரே சேர்ந்து என்னைப் பாவம் பார்த்திருக்கிறது தம்பி. சமைக்கத் தெரிந்த ஒருத்திக்கு அதைவிட அவமானம் இல்லை.

அதனால் இந்த வருஷம் நீ வேண்டாம் என்றதும் எனக்கு வீம்பு ஏறிவிட்டது. மழை பெய்து ஓய்ந்த மறுநாளே சாமான்களை வாங்கிவரச் சொன்னேன். "எனக்கு மூக்கு இல்ல, உங்களுக்கு இருக்கு. பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காருங்க, வாசனை வந்ததும் சொல்லுங்க, நான் இறக்கிடறேன்" என்று உன் அப்பாவிடம் சொன்னேன். மனுஷர் குளித்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி உட்கார்ந்தார். மல்லியைப் போட்டேன். "வந்துடுச்சு" என்றார். சீரகத்தைப் போட்டேன். கரண்டியை எடுப்பதற்குள் "வந்துடுச்சு" என்றார். வாணலி சூடாகக்கூட இல்லை. மிளகுக்கும் "வந்துடுச்சு", பருப்புக்கும் "வந்துடுச்சு". என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாரே ஒழிய, வாணலியை மோந்து பார்க்கவே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எல்லாம் வறுத்த பேருக்கு வறுத்து, தூக்குவாளியில் போட்டு அவரிடம் கொடுத்தேன். வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்ததால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாவு மிஷினுக்குப் பறந்தார்.

மிஷினில் ஒரு வழக்கம் உண்டு. உனக்குத் தெரியாது, உன்னை நான் ஒருநாளும் அனுப்பியதில்லை. அங்கே மிஷின் ஓட்டுகிற சரோஜா சீயக்காயை மதியம் மூடுவதற்கு முன்னால் கடைசியாகத்தான் போடுவாள். சாயங்காலம் திறந்ததும் அரிசிக் குருணையைப் போட்டு ஓட்டி மிஷினைத் துடைத்துவிட்டு, பிறகுதான் மற்ற சாமானை வாங்குவாள். அதனால் பொடி அரைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இப்ப என்ன அரைச்சீங்க?" என்பதுதான். உன் அப்பா போன நேரம் சரோஜா மூடப்போகிற நேரம். "சார், இப்பத்தான் சீயக்கா போட்டுகினு கீறேன். சாய்ங்காலமா வா சார், குருண ஓட்டி உட்டு நல்லா அரச்சுத் தர்றேன்" என்று அவள் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். தாமதமானால் நான் கத்துவேன் என்ற பயத்தில் உன் அப்பா, "பரவால்லம்மா, போடு, மழை வருது" என்றிருக்கிறார். அவளும் போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்திருக்கிறார். எதுவும் சொல்லவில்லை.

அன்றைக்கே ரசம் வைத்தேன். ரசம் நுரைத்துக்கொண்டு வரும்போது இறக்க வேண்டும் என்பது உனக்கும் தெரியும். நுரை வந்தது. வந்துகொண்டே இருந்தது. அடுப்பை அணைத்தேன், அடங்கவில்லை. கரண்டியால் ஒதுக்கிவிட்டேன், ஒதுக்கின இடத்தில் மறுபடி கட்டிக்கொண்டது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அன்றைக்கு பக்கெட்டில் நிற்குமே, அந்த நுரை. அதற்குள் உன் அப்பா ஒரு டம்ளர் எடுத்துக் குடித்துவிட்டார். முழு டம்ளர். "எப்படி இருக்கு?" என்றேன். "நல்லா இருக்கு" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "கொஞ்சம் திக்கா இருக்கு" என்று வேறு சேர்த்துக்கொண்டார். நான் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன். கசப்பு உச்சந்தலையில் ஏறியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தேன், அப்புறம் கத்தினேன்.

"என்னை என்னன்னு நினைச்சீங்க? குடிச்சா குமட்டுதுன்னு சொல்ல மாட்டீங்களா? உங்க மூக்கைத்தானே நம்பி உக்காந்தேன்?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீ ரொம்ப நாள் கழிச்சு சந்தோஷமா வறுத்துட்டு இருந்த. அதைக் கெடுக்க மனசு வரல" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குக் கோபம் தணியவில்லை. "நீங்க எல்லாரும் பொய் சொல்லி என்னைச் சந்தோஷமா வெச்சுக்க வேணாம். மூக்கு இல்லாதவ இனிமே அடுப்புப் பக்கம் போக மாட்டா, போதுமா?" என்று வாணலியைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். அப்போதுதான் உன் அப்பாவுக்கும் ரோஷம் வந்தது. "மூக்கு, மூக்குன்னு எத்தனை நாள் சொல்லுவ? எங்க ஃபேக்டரி ஷாப்புல எண்ணெய் நாத்தத்துல எவனுக்கு மூக்கு வேலை செஞ்சுது? மிஷின் போற சத்தத்தை வெச்சுதான் பேரிங் போகப்போகுதுன்னு சொல்லுவோம். கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவேன். உனக்குக் காது இல்லையா?" என்றார். கோபத்தில் சொன்னதுதான். சொல்லிவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் பரணிலிருந்து வாணலியை நானே இறக்கினேன். டிவியை அணைக்கச் சொன்னேன். ஃபேனை நிறுத்தினேன். உன் அப்பாவை மூச்சுவிடக்கூட வராண்டாவுக்குப் போகச் சொன்னேன். கொஞ்சமே கொஞ்சம் மல்லியைப் போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். இத்தனை வருஷம் வறுத்திருக்கிறேன், ஒருநாளும் காது கொடுத்ததில்லை. வாசனை முந்திக்கொண்டு வந்துவிடுமே, சத்தத்தை யார் கவனித்தார்கள்? முதலில் மல்லி ஈரமாகப் புரளுகிறது. கரண்டிக்குக் கனம் தெரிகிறது. பிறகு கனம் குறைந்து சலசலவென்று உலர்ந்த சத்தம் வருகிறது. அதற்கும் அப்புறம் எங்கேயோ ஒன்று மட்டும் மெதுவாகத் தெறிக்கிறது. அந்த முதல் தெறிப்பில் இறக்க வேண்டும். இறக்கினதை வராண்டாவுக்குக் கொண்டுபோய், "இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்காம மோந்து பாருங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். "பச்சை வாசனை கொஞ்சம் இருக்கு" என்றார். தம்பி, அந்த நிமிஷம் அவருக்கு ஒரு மாலை போட்டிருப்பேன். மறுபடி வறுத்தேன். "கருகிடுச்சு" என்றார். மறுபடி. இப்படி எத்தனை கைப்பிடி மல்லி வீணாயிற்று என்று கேட்காதே, பால்கனிக்கு வரும் புறாக்கள்கூட வேண்டாம் என்று போய்விட்டன. மிளகு வெடிக்கும் சத்தம் எளிது, யாருக்கும் கேட்கும். சீரகம் பொரிகிறது. மிளகாயைக் கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று ஓட வேண்டும், ஒடித்தால் படக்கென்று போக வேண்டும். வெந்தயம்தான் என்னை அழ வைத்தது. அதன் சத்தம் சன்னம். கொஞ்சம் விட்டால் கசப்பு, கொஞ்சம் முந்தினால் பச்சை. கேட்டுக் கேட்டு, கடைசியில் அதுவும் பிடிபட்டது.

வெயில் மறுபடி வந்தது. சாமான்களை மொட்டைமாடியில் காயவைத்து, காக்காயையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் வறுத்து முடித்து, இந்தத் தடவை நானே தூக்கை எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போனேன். போனதும், "சரோஜா, இப்ப என்ன அரைச்சே?" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாக்கா, சார் ஊட்ல சொன்னாரா? நா அன்னிக்கே சொன்னேன்க்கா, கேக்கல அவரு. இன்னிக்கு வெறும் மொளகாதான் ஓடிகினு கீது, பயப்படாத" என்றாள். எனக்கு முன்னால் ஒருத்தர் மிளகாய். எனக்குப் பின்னால் கோதுமைப் பையோடு ஒரு அம்மா, ஆபீஸ் ஐடி கார்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு பெண், ஸ்கூட்டரில் காலை ஊன்றிக்கொண்டு நின்ற ஒரு பெரியவர். என் தூக்கை வாங்கி சரோஜா மேலே கொட்டினாள். மிஷின் ஓட ஆரம்பித்தது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வழக்கம்போல. வெறும் காற்று. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஐடி கார்டு பெண் தலையைத் தூக்கி மூச்சை இழுத்தாள். ஸ்கூட்டர் பெரியவர் இரண்டு தும்மல் போட்டுவிட்டு, "யப்பா" என்று சிரித்தார். எதிரே டிபன் கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்று மிஷின் பக்கமே பார்த்தார். எனக்கு வராத வாசனை ஒவ்வொரு முகமாக ஏறிக்கொண்டு போவதை நான் என் கண்ணால் பார்த்தேன் தம்பி. "யாருதுக்கா இது?" என்று கேட்டாள் கோதுமைக்காரம்மா. "என்னோடதுதான்" என்றேன். "இன்னா வாசன! ஊட்ல மாமியாருக்கு ஒரே சளி. இத்த வெச்சு ஒரு ரசம் குட்தா எழுந்து ஒக்காந்துரும்" என்றாள். பொடியை வாரி எடுத்த சரோஜா, அடுத்து கோதுமை என்பதால் குருணையைப் போட்டு ஓட்டப் போனாள். பொடி அரைத்த மிஷினில் அப்படியே கோதுமையைப் போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சண்டையே நடந்திருக்கிறது. அந்த அம்மா கையை நீட்டித் தடுத்தாள். "வேணாம் சரோசா, உடு. அப்டியே என் கோதுமைய போடு. சப்பாத்திலயாச்சும் அந்த வாசன ஒட்டிகினு வரட்டும்" என்றாள். சரோஜா என்னைப் பார்த்து, "அக்கா, இந்த மிசினு போட்ட நாள்ல இருந்து இப்டி ஒருத்தர் சொல்லி நா கேட்டதில்ல" என்றாள். நான் அங்கேயே ஒரு கை பொடியை அந்த அம்மாவுக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். வீட்டுக்கு நடந்துதான் வந்தேன். ஷேர் ஆட்டோ நின்று கூப்பிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு, சேற்றையெல்லாம் மிதித்துக்கொண்டு, ராணி மாதிரி வந்தேன்.

ரசம் வைத்தேன். நுரை வந்தது, ஒழுங்காக வந்து ஒழுங்காக அடங்கியது. உன் அப்பா டம்ளரில் வாங்கி, மோந்து, ஒரு வாய் குடித்து, கொஞ்சம் யோசித்தார். இந்த முறை என் முகத்தைப் பார்க்கவில்லை. "பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடிப்போச்சு" என்றார். பிறகு இரண்டாவது டம்ளருக்குக் கையை நீட்டினார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் என் சமையலைச் சாப்பிட்டுச் சொன்ன முதல் குறை அது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. போன வருஷம் ஒருத்தரும் குறை சொல்லவில்லை, நான் தோற்றுப்போயிருந்தேன். இந்த வருஷம் குறை சொன்னார், நான் ஜெயித்திருக்கிறேன்.

உனக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, அறிவுரை சொல்ல எனக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. பிரியமானவர்களிடம் நல்ல மனசோடு சொல்கிற பொய் இருக்கிறதே, அது அவர்களைத் தனியாக உட்கார வைத்துவிடும். எனக்குத் தெரியும், நான் உட்கார்ந்திருந்தேன். நித்யா சமைத்தது வாயில் வைக்க முடியாமல் இருந்தால், முடியவில்லை என்று சொல். சொல்லிவிட்டு எழுந்துபோய் நீயே வேறு செய். நீ செய்வது கேவலமாக இருந்தால் அவளும் சொல்லட்டும், அவள் சொல்வாள், அந்தத் தைரியம் அவளுக்கு இருக்கிறது. வீட்டில் ஒருத்தராவது உண்மையைச் சொல்கிறார்கள் என்றால் மற்றவர் நிம்மதியாகத் தூங்கலாம். வயதாகி எங்களுக்கு இனி ஒவ்வொன்றாகப் போகும். கண் போகும், முட்டி போகும், ஞாபகம் போகும். போனது போகட்டும், எங்களைப் பாவம் பார்க்காதே. எது போயிற்று என்று நேராகச் சொல். மிச்சம் இருப்பதை வைத்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இனி டப்பாவைத் திறக்கலாம். ஈரக் கரண்டி போடாதே, ஃப்ரிட்ஜில் வைக்காதே. உங்கள் ஊரில் இலையெல்லாம் சிவந்து கொட்டிக்கொண்டிருக்கிறது என்று நித்யா படம் அனுப்பினாள், நல்ல குளிராகத்தான் இருக்கும். இன்றைக்கே ரசம் வைத்து, இரண்டு பேரும் குடித்துவிட்டு, எனக்குப் போன் பண்ணுங்கள். முதலில் நித்யா பேசட்டும். பிறகு நீ வா. நன்றாக இல்லையென்றால் இல்லை என்று சொல். மறுபடி "சூப்பர்மா" என்று இழுத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. வெந்தயம் சிவந்ததைக் காதால் கண்டுபிடிக்கிறவளுக்கு, பெற்ற பிள்ளை பொய் சொல்வது கேட்காதா?

அம்மா